கருகிய வெட்டுமுகம்

மே மாதம் முடிவதற்குள் கொட்டகை நிறைய விறகு ஏற்றிவிட வேண்டும். ஜூன் பத்துக்குள் மழை இறங்கிவிடும். பிறகு நான்கு மாதத்துக்குக் காய்ந்த விறகு பம்பாயில் எங்கே தேடினாலும் அகப்படாது. தாராவி அறுபதடி ரோட்டை ஒட்டிய சந்தில் விறகுக் கடை வைத்திருந்த ராபியாவுக்கு வருஷத்திலேயே பதற்றமான மாதம் அதுதான். 1986-ல் அந்தப் பதற்றத்தோடு வேறொன்றும் வந்து சேர்ந்தது.

ராபியாவுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. மேலப்பாளையத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கல்யாணமாகித் தாராவிக்கு வந்தாள். கடை அவள் கணவர் ஜெயினுலாப்தீனுடையது. ஏழு வருஷத்துக்கு முன்னால் லாரியிலிருந்து மரம் இறக்கும்போது கட்டு அறுந்து அவருடைய வலது கால் நசுங்கிப் போனது. மூன்று மாதம் சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தவர் கோலூன்றி நடந்தாரே தவிர, கடைப்பக்கம் அதிகம் வரவில்லை. அன்றிலிருந்து ராபியாதான் தராசுக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஆரம்பத்தில் விறகு ஏஜெண்டுகள் யாரும் அவளுக்குச் சரக்கு கொடுக்கவில்லை. பொம்பளையை நம்பி லாரியை அனுப்புவதா என்று சிரித்தார்கள். ஒரே ஒருவன்தான் அனுப்பினான். மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்த ஜஹாங்கீர். காட்டு ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஏஜெண்டாக இருந்தான். ராபியாவைவிடப் பத்து வயது இளையவன். அவளை அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிடுவான். மழைக்காலத்தில் மற்றக் கடைகளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு இவளுக்குக் காய்ந்த லோடு அனுப்பியிருக்கிறான். அந்த விறகில்தான் அந்தச் சந்தில் விடிகாலையில் இட்லி அவிக்கிற பெண்களின் அடுப்பும், முறுக்கு சுடுகிறவர்களின் அடுப்பும், பின்தெருவில் பாவ் சுடும் பேக்கரியும் எரிந்தன.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ஜஹாங்கீர் இரண்டு லாரி விறகு அனுப்பினான். ஷஹாபூருக்கு அப்பால் ஒரு காட்டில் மார்ச் மாதம் பெரிய தீ பிடித்து எரிந்ததாம். தீயில் செத்த மரங்களை வெட்டிக்கொள்ள ஒப்பந்தக்காரருக்கு அனுமதி கிடைத்திருக்கிறதாம். நேரான தேக்கெல்லாம் மரம் அறுக்கும் ஆலைகளுக்குப் போய்விடும். கணு விழுந்ததும் கோணலானதும்தான் விறகுக் கடைக்கு வரும். கரி பிடித்த மரம் என்பதால் மலிவாகவும் வந்தது. ராபியா சந்தோஷமாக இறக்கிக்கொண்டாள்.

மே இரண்டாவது வாரம், மாட்டுங்காவிலிருந்து ஷ்யாமளா வந்தாள். அவளுடைய அப்பா கிட்டு கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர், பாலக்காட்டுக்காரர். அவருக்கு வேண்டிய விறகு எப்போதும் ராபியாவிடம்தான். ஷ்யாமளா கோட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தாள். லீவு நாளில் அப்பாவுக்காக இப்படி வந்து போவாள்.

"ஞாயித்துக்கிழமை கிங்ஸ் சர்க்கிள்ல ஒரு கல்யாணம். எண்ணூறு இலை. பொகையாத விறகா வேணும்னு அப்பா சொல்லிவிட்டார்" என்றவள், அடுக்கி வைத்திருந்த கட்டைகளைப் பார்த்து நின்றாள். "இது எரிஞ்ச மரமா? ஷஹாபூர்லேருந்து வந்ததா?"

"ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"மூணு வாரமா அதைத்தானே எழுதிண்டிருக்கேன். அந்தக் காட்டை என்ன பண்றதுன்னு ஒரு கமிட்டி போட்டிருக்கா. என்னை அங்கே ஸ்டெனோவா அனுப்பிச்சிருக்கா."

ஷ்யாமளா அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து விவரம் சொன்னாள். எரிந்த பகுதியை மட்டுமல்ல, அதை ஒட்டியுள்ள எண்ணூறு ஏக்கரையும் மொத்தமாக வெட்டிவிட்டு, வரிசையாகத் தேக்கு மட்டும் நட ஒப்பந்தக்காரர் அனுமதி கேட்கிறார். அந்தக் காட்டுக்குள் இருக்கும் வார்லிப் பழங்குடி ஜனங்களை வெளியேற்ற வேண்டும் என்றும் கேட்கிறார். அவர்கள் இருக்கிறவரை தீ வைத்துக்கொண்டேதான் இருப்பார்களாம்.

"அவங்கதான் வச்சாங்களா?"

"இலுப்பைப்பூ பொறுக்கறதுக்காகச் சருகைக் கொளுத்தினா, அதுதான் பரவித்துன்னு சொல்றா. அஞ்சு பேரைப் பிடிச்சு ரெண்டு மாசமா ஜெயில்ல வெச்சிருக்கா. லஹான்யான்னு ஒருத்தன் மேலதான் முக்கியமான கேஸ். ஒப்பந்தக்காரரோட வக்கீல் தினமும் ஒரே பாட்டுதான். தீக்கு முன்னாடி ஒரு மரத்தைக்கூட நாங்க தொடலை, எரிஞ்சு செத்ததைத்தான் ஏப்ரல்ல வெட்டினோம்னு. எழுதி எழுதி எனக்கே மனப்பாடம் ஆயிடுத்து."

அவள் போனபின் மரம் பிளக்கிற பூதத்தான் கோடாலியைக் கீழே வைத்தான். நாசரேத் பக்கத்து ஆள். பதினோரு வருஷமாக அந்தக் கடையில் இருக்கிறவன். அதிகம் பேச மாட்டான்.

"பாயம்மா, இங்கன வாங்க. அந்தப் புள்ள சொன்னது சரியில்ல."

"என்ன சரியில்ல?"

அவன் ஒரு கட்டையைப் புரட்டி நிமிர்த்தினான். "நிக்கிற மரத்துல தீப்பட்டா பட்டைதான கருகும்? பொறவு வெட்டுனா, வெட்டுன எடம் வெள்ளையா இருக்கணும்லா? இதப் பாருங்க. ரம்பம் போட்ட முகம் ரெண்டு பக்கமும் கரியா கெடக்கு."

ராபியா குனிந்து பார்த்தாள். ரம்பத்தின் பல் பதிந்த கோடுகள் தெரிந்தன. அந்தக் கோடுகளின் மேல் கரி படிந்திருந்தது. அடுத்த கட்டையைப் புரட்டச் சொன்னாள். அடுத்ததை. எல்லாம் அப்படியே இருந்தன.

"அப்ப?"

"தீ வாரதுக்கு முன்னாடியே வெட்டிப் போட்டிருக்காவ. தரையில கெடந்த மரத்து மேலதான் தீ வந்திருக்கு."

அன்று ராபியா சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று அவளுக்கே முழுதாக விளங்கவில்லை. முகம் தெரியாத ஐந்து பேர். எங்கோ ஒரு காடு. இருந்தாலும் தராசில் கட்டையைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் அந்தக் கறுத்த முகம்தான் கண்ணில் பட்டது.

மறுநாள் அவள் ஒரு தவறு செய்தாள். அடுத்த லோடு எப்போது என்று கேட்க வந்த ஜஹாங்கீரிடம் சாதாரணமாகவே கேட்டுவிட்டாள்.

"தம்பி, வெட்டுன முகம் எப்படிக் கருகிச்சு?"

அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கிளாஸை வாயிலிருந்து எடுக்கவில்லை. கண் மட்டும் கட்டைகளின் பக்கம் போய்விட்டு வந்தது.

"எதுக்குக் கேக்கிறீங்க லாத்தா?"

"சும்மாதான். பூதத்தானுக்குக் கையெல்லாம் கரியாவுது."

"அப்படியா? நல்ல லோடு மாத்திக் குடுத்துர்றேன். இதை நாளைக்கே எடுத்துக்கிறேன். நீங்க இதுல இனிமே கை வெக்காதீங்க."

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான். ஏழு வருஷத்தில் இறக்கிய சரக்கை அவன் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதே இல்லை.

அவள் பூதத்தானைக் கூப்பிட்டாள். "நல்ல பெரிய கட்டையா ஒண்ணு எடுத்து வைய்யி. ஒண்ணு மட்டும்."

"எங்கன வைக்க? வாரவன் ஒரு எடம் விடாம தேடுவான்."

இருவரும் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்கள். தகர வேலி, தார்ப்பாய், தராசு. ஒளித்து வைக்க இடமே இல்லை. கடைசியில் பூதத்தான்தான் யோசனை சொன்னான். விறகு பிளக்க அடியில் வைத்திருந்த பழைய அடிக்கட்டையை உருட்டிவிட்டு, எரிந்த கட்டையில் தடித்துக் குட்டையான ஒன்றை அங்கே நிமிர்த்தினான். முதல் வெட்டிலேயே மேல்முகம் கரி தெறித்து உருக்குலைந்தது. அடிமுகம் மண்ணில் புதைந்து மறைந்துகொண்டது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு லாரி வந்தது. கூட நான்கு பேர். ஜஹாங்கீர் வரவில்லை. அவர்கள் எரிந்த கட்டைகளை எண்ணி ஏற்றினார்கள். தலைவன் போலிருந்தவன் கையில் சீட்டு இருந்தது.

"பதினாலு கொறையுது" என்றான் ஹிந்தியில்.

"பேக்கரிக்குப் போயாச்சு. சாம்பல் வேணும்னா பேக்கரிக்காரன்ட்ட கேளுங்க" என்றாள் ராபியா.

அவன் ஆட்களைத் தேடச் சொன்னான். தார்ப்பாயை உருவினார்கள். அடுக்கி வைத்திருந்த பழைய விறகைக் கலைத்துத் தள்ளினார்கள். கொட்டகைக்குப் பின்னால் முறுக்கு சுடும் வீட்டுக்குள் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்த பெண்ணிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அவ்வளவு நேரமும் பூதத்தான் நிற்காமல் பிளந்துகொண்டே இருந்தான். கோடாலி விழுந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் ராபியாவின் தோள் தூக்கிப் போட்டது. தலைவன் அவனுக்கு நேரே வந்து நின்றான்.

"நகரு."

பூதத்தான் நகர்ந்தான். அவனுக்குப் பின்னால் குவிந்திருந்த சிறாயை அந்த ஆள் காலால் கிளறினான். கட்டை எதுவும் இல்லை. அடிக்கட்டையின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, செருப்பில் ஒட்டிய சிறாயைத் தட்டிவிட்டு, லாரிக்குப் போனான்.

லாரி சந்தைத் தாண்டியதும் பூதத்தான் கீழே உட்கார்ந்துவிட்டான். ராபியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

விஷயம் ஜெயினுலாப்தீனின் காதுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் கோலை ஊன்றிக் கடைக்கே வந்துவிட்டார்.

"என்ன காரியம் பண்ணிட்டு நிக்க? ஜஹாங்கீர் இல்லைன்னா நாம அன்னைக்கே ஊருக்கு மூட்டை கட்டியிருப்போம். அது ஞாவகம் இருக்கா ஒனக்கு?"

"இருக்கு. அதனாலதான் தூக்கம் வர மாட்டேங்குது."

"காட்டை வெட்டாம விறகு எங்கேருந்து வருது? வானத்துலேருந்தா? நாம திங்கிற சோறே வெட்டுன மரந்தான்."

"வெட்டுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலியே. வெட்டிட்டு, தீயை வச்சு மறைச்சுட்டு, அந்த ஆளுங்களை ஜெயில்ல போட்டிருக்கானுவ. நம்ம வாசல்ல இருக்கு சாட்சி."

"சாட்சி! நீ கொண்டுபோயி வச்சா வக்கீல் என்ன கேப்பான் தெரியுமா? 'நீயே ஒன் கடையில போட்டுக் கொளுத்திட்டு வந்திருக்க'ம்பான். என்ன பதில் சொல்லுவ? சொல்லு."

அவர் கோலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

அவர் கேட்ட கேள்வி அவளைவிட்டுப் போகவில்லை. உண்மைதானே? கரி என்றைக்கும் எங்கேயும் பிடிக்கும். அடிக்கட்டையைச் சாய்க்கச் சொல்லி, அடிமுகத்து மண்ணைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கரிக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு பள்ளம் இருந்தது. காட்டை விட்டு வெளியே வரும் மரத்துக்குச் சோதனைச் சாவடியில் சுத்தியலால் அடிக்கிற முத்திரை. இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்தது என்பதால் அதை அவள் கவனிக்கவே இல்லை. விரலால் தடவினாள். முத்திரை விழுந்த இடத்தில் கரி உடைந்து, அடியில் மஞ்சளாக மரம் தெரிந்தது. எழுத்துகளின் பள்ளத்தில் கொஞ்சமும் கரி இல்லை.

முத்திரை அடிக்கும்போதே கட்டை கருகி இருந்திருக்கிறது. அப்படியென்றால் அது தாராவியில் கருகியது அல்ல. காட்டிலேயே கருகியது.

அவள் அந்த முகத்தைச் சாக்கால் மூடிக் கட்டினாள். முறுக்கு வீட்டிலிருந்து கிங்ஸ் சர்க்கிளுக்குப் பலகாரம் கொண்டுபோகும் பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள், ஷ்யாமளாவைப் பார்க்க வேண்டும் என்று.

ஷ்யாமளா வந்தாள். கட்டையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"வியாழக்கிழமைதான் கமிட்டி விசாரணைக்குக் கடைசி நாள். மாட்டுங்கால, கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துல ஒரு ஸ்கூல் ஹால்ல உக்கார்றா. யார் வேணாலும் வந்து சொல்லலாம்னு பேப்பர்ல போட்டிருக்கா. ஆனா நான் சொல்லித்தான் வந்தேள்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். அது மட்டும் வேண்டாம்."

"ஒங்க பேரு என் வாயில வராது. எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணுக்கு. ஒரு மணிக்கு முடிச்சுடுவா."

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு கைவண்டியில் கட்டையை ஏற்றிக் கயிறு போட்டார்கள். மேலே இரண்டு மூட்டை சிறாய் வைத்தார்கள். பூதத்தான் முன்னால் இழுத்தான், ராபியா பின்னால் தள்ளினாள். ஜெயினுலாப்தீன் வாசலில் உட்கார்ந்திருந்தார். போகாதே என்றும் சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை.

அறுபதடி ரோட்டைத் தாண்டி சயான் பாலத்தில் ஏறியபோது வண்டி பாரம் இழுத்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. பாலத்தின் நடுவே வந்ததும், எதிரே வந்த லாரி ஒன்று குறுக்கே திரும்பி நின்றது. அன்று வந்த அதே ஆட்கள். கட்டை ஏற்றியதைச் சந்தில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேர் குதித்து இறங்கினார்கள்.

"பதினாலுல ஒண்ணு கெடச்சிருச்சு" என்று தலைவன் சிரித்தான். "எறக்கு."

பூதத்தான் இழுகட்டையை விட்டுவிட்டுக் கயிற்றின் மேல் கையை வைத்தான். அவனை ஒருவன் தள்ளிய தள்ளில் கைப்பிடிச் சுவரில் போய் மோதினான். இன்னொருவன் மூட்டைகளைத் தூக்கி எறிந்தான். என்ன செய்வது என்று ராபியா யோசிக்கவில்லை. வண்டியில் ஏறிக் கட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னையும் சேத்துத் தூக்கு" என்றாள் ஹிந்தியில். "தூக்கு பாப்போம். ஜனங்க பாக்கட்டும்."

புர்க்கா போட்ட ஒரு பெண்ணின் மேல் பட்டப்பகலில் கை வைக்க அவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்குள் பின்னால் பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் டாக்ஸிகள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பஸ் கண்டக்டர் இறங்கி வந்து லாரி டிரைவரைத் திட்டினான். ஆபீஸுக்குப் போகிற கூட்டம் ஜன்னல் வழியாகக் கத்தியது. கீழேயிருந்து டிராபிக் ஹவல்தார் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு மரமும் தெரியாது, காடும் தெரியாது. பாலத்தில் குறுக்கே நிற்கும் லாரிதான் தெரிந்தது. பானெட்டில் ஓங்கி ஓர் அடி அடித்து, லாரியை எடுக்கச் சொன்னார். தலைவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான்.

பூதத்தானுக்கு முழங்கையில் ரத்தம் வழிந்தது. "இழுப்பியா?" என்று ராபியா கேட்டாள். அவன் இழுகட்டையைத் தூக்கினான். காந்தி மார்க்கெட்டைத் தாண்டி, ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து, பன்னிரண்டே காலுக்கு அந்தப் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தினார்கள்.

ஹாலில் நாற்பது, ஐம்பது பேர் இருந்தார்கள். மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி. ஓரத்து மேஜையில் ஷ்யாமளா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் வக்கீலுக்குப் பின்னால் ஜஹாங்கீர். ராபியாவைப் பார்த்ததும் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

வார்லிப் பெண் ஒருத்தி மராத்தியில் பேசிக்கொண்டிருந்தாள். லஹான்யாவின் மனைவி. "குளிர் முடியும்போதே சருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் எரித்துவிடுவோம். பனி ஈரத்தில் அது முழங்கால் உயரம்கூட எழும்பாது. சருகு இல்லாவிட்டால் கோடையில் பெரிய தீ வராது. மூன்று வருஷமாக அதையும் செய்யக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். சருகு இடுப்புயரம் சேர்ந்துவிட்டது."

அடுத்து எழுந்த வனத்துறை அதிகாரி வயதானவர். தீ தாண்டாமல் இருக்க மரமில்லாமல் விடும் வெட்டவெளிப் பட்டையை இரண்டு வருஷமாகக் கூட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆள் கொடுக்கவில்லை என்றார். ஆனாலும் எரிந்த மரத்தை அங்கேயே விட்டால் பூச்சி விழுந்து மற்ற மரமும் கெடும், வெட்டித்தான் ஆக வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை என்றும் சொன்னார். வக்கீல் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். வெட்டுவதும் நடுவதும்தான் காட்டுக்கு வைத்தியம், தேக்கு நாற்பது வருஷத்தில் தேசத்துக்குச் செல்வம் என்றார்.

"இன்னும் யாராவது உண்டா?" என்று நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.

ராபியா எழுந்தாள். பெயர், ஊர், தொழில் கேட்டார்கள். ஹிந்தியில் சொன்னாள். "மரம் வெளியே வண்டியில் இருக்கு. உள்ளே கொண்டுவரலாமா?"

சலசலப்பு எழுந்தது. வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி கையைக் காட்டி அடக்கிவிட்டுக் கொண்டுவரச் சொன்னார். பூதத்தானும் பள்ளிக்கூடப் பியூனும் கட்டையைத் தூக்கி வந்து மேடைக்கு முன்னால் நிமிர்த்தி, சாக்கை அவிழ்த்தார்கள். ரம்பக் கோடுகளையும் அதன் மேல் கரியையும் ராபியா காட்டினாள். நின்று எரிந்த மரத்தை வெட்டினால் இப்படி இருக்காது என்றாள். பூதத்தான் சொன்ன அதே வார்த்தைகள்.

வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "அம்மா, உங்கள் கடையைச் சுற்றி எத்தனை அடுப்பு இருக்கிறது?"

"நெறைய இருக்கு."

"இதில் கரி பிடிக்க வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி?"

ஹாலில் சிலர் சிரித்தார்கள். வீட்டில் கேட்ட அதே கேள்வி. ராபியா கட்டையின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனா ஜட்ஜ் அய்யா கொஞ்சம் கீழே இறங்கி வந்து இந்த முத்திரையில விரலை வச்சுப் பாக்கணும்."

நீதிபதி இறங்கி வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். பள்ளத்தில் கட்டை விரலை அழுத்தித் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். கரி ஒட்டவில்லை. பக்கத்தில் தேய்த்தார். விரல் கறுத்தது. வனத்துறை அதிகாரியைக் கூப்பிட்டார்.

"இது உங்கள் சாவடி முத்திரைதானா?"

அதிகாரி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "எங்களுடையதுதான். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி. அடிக்கும்போதே கருகித்தான் இருந்திருக்கிறது."

"மார்ச் தீக்குப் பிறகு அங்கே இன்னொரு தீ பதிவாகியிருக்கிறதா?"

"இல்லை."

ஷ்யாமளாவின் பென்சில் ஓடுவதுதான் கேட்டது. வக்கீல் ஏதோ காகிதத்தைத் தேடினார். நீதிபதி தன் இடத்துக்குத் திரும்பவில்லை. ராபியாவின் முன்னாலேயே நின்றார்.

"வெட்டுவதை நிறுத்திவிட்டால் நீ எதை விற்பாய்?"

"நிறுத்தணும்னு நான் சொல்ல வரல. விறகு இல்லைன்னா என் சந்துல அம்பது அடுப்பு எரியாது. வெட்டுனதை வெட்டுனேன்னு சொல்லட்டும். எத்தனைன்னு எழுதட்டும். வெட்டுன எடத்துல திரும்ப நடட்டும். செய்யாத குத்தத்துக்கு அந்த அஞ்சு பேரு எதுக்கு உள்ள இருக்கணும்?"

சொல்லி முடித்து உட்கார இடம் தேடினாள். லஹான்யாவின் மனைவி நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தாள்.

வெளியே, வண்டிக்குப் பக்கத்தில் ஜஹாங்கீர் காத்திருந்தான். அவன் அடிக்கக்கூடும் என்று பூதத்தான் முன்னால் வந்து நின்றான். ஜஹாங்கீர் கை ஓங்கவில்லை.

"லாத்தா, நான் காட்டுக்கே போனதில்லை. செக்போஸ்ட் நாக்காவுல லோடு வாங்கி ஊருக்குள்ள அனுப்புறதுதான் என் வேலை."

"அன்னைக்கு நான் கேட்டப்ப ஒனக்குத் தெரிஞ்சுதுல்ல?"

அவன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "இனிமே ஒங்களுக்குப் பம்பாயில எவனும் விறகு தர மாட்டான்" என்றான். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

அவன் சொன்னபடியே நடந்தது. ஜூனில் மழை இறங்கியபோது கொட்டகை பாதிகூட நிறையவில்லை. பேக்கரிக்காரர் வேறு கடைக்குப் போனார். இட்லிக்காரப் பெண்களில் பாதிப் பேர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மாறினார்கள். சிலர் ராபியாவைத் திட்டிக்கொண்டேதான் மாறினார்கள். ஆகஸ்டில் பூதத்தான் கோவண்டியில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனான். போகும்போது, "கூப்பிட்டா வந்துருவேன் பாயம்மா" என்றான். அவள் போக வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தாள்.

பழைய கட்டடங்களை இடிக்கிறவர்களிடம் உத்திரமும் சட்டமும் கிடைக்கும் என்று கிட்டு சொல்லி அனுப்பினார். அங்கே ஏஜெண்டு கிடையாது. ராபியா பரேலுக்கும் லால்பாக்குக்கும் அலைந்து இடித்த மரம் வாங்கி வந்தாள். அதில் ஆணி அதிகம். கோடாலி வாய் போய்விடும். ஒரு நாள் ஜெயினுலாப்தீன் குறடும் சுத்தியலும் எடுத்து வந்து தராசுப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஆணி பிடுங்கி டப்பாவில் போட்டார். மறுநாளும் வந்தார். அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவர் கடைசிவரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் பேசவில்லை.

கமிட்டியின் அறிக்கை டிசம்பரில் வந்தது. எண்ணூறு ஏக்கரையும் வெட்டுகிற திட்டம் தள்ளுபடியானது. உண்மையாக எரிந்ததை மட்டும் எண்ணி வெட்டலாம் என்றும், தேக்கு மட்டும் நடாமல் மருதும் இலுப்பையும் கலந்து நட வேண்டும் என்றும், தீத்தடுப்புப் பட்டையைக் குளிர்காலத்தில் கூட்டும் வேலையை அந்த வார்லி ஜனங்களுக்கே கூலி கொடுத்துத் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஐந்து பேரும் ஜூலையிலேயே ஜாமீனில் வந்துவிட்டார்கள். வழக்கு வாபஸாக மேலும் ஒரு வருஷம் ஆனது. ஒப்பந்தக்காரருக்கு அபராதம் போட்டார்கள். அவர் அதைக் கட்டிவிட்டு, வேறு பெயரில் வேறு ஜில்லாவில் இன்னொரு காட்டை எடுத்தார். இதையெல்லாம் ஷ்யாமளாதான் ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னாள். அவள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

1988 பிப்ரவரியில் ராபியா ஷஹாபூருக்குப் போனாள். வரச் சொல்லி லஹான்யா ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தான். ரயிலில் ஆஸன்காவ் வரை போய், பஸ் மாறி, கடைசியில் ஒன்றரை மணி நேரம் நடந்தாள். இருபது வருஷத்துக்கும் மேலாக விறகோடு வாழ்ந்தவள் காட்டுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. நின்றுகொண்டிருக்கும் மரங்களை அண்ணாந்து பார்த்தாள். எடை போட்டுப் பழகிய கண் ஒவ்வொன்றும் எத்தனை மணு எடை தேறும் என்று தானாகவே கணக்குப் போட்டது. அதற்காக அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

புதிதாக நட்ட கன்றுகளை லஹான்யா காட்டினான். பாதிக்கு மேல் காய்ந்திருந்தன. மீதி முழங்கால் உயரம் வந்திருந்தன. முதல் வருஷக் கூலி வந்ததாம், இரண்டாவது வருஷத்துக்கு இன்னும் வரவில்லையாம். வந்தாலும் வராவிட்டாலும் தீத்தடுப்புப் பட்டையை இந்தத் தடவை கூட்டிவிடுவது என்று ஜனங்கள் முடிவு செய்திருந்தார்கள். இருபது பேர் வரிசையாகச் சருகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளிய சருகைக் குவித்து, காற்று அடங்கிய நேரம் பார்த்துக் கொளுத்தினார்கள். நெருப்பு தாழ்வாக ஊர்ந்தது. அது பட்டையைத் தாண்டுகிறதா என்று லஹான்யாவின் மனைவி ஒரு பச்சைக் கிளையோடு காவல் நின்றாள்.

ஓர் இடத்தில் காற்று திரும்பி, தீ கன்றுகள் இருந்த பக்கம் எட்டியது. நான்கைந்து பேர் ஓடினார்கள். ராபியாவும் கீழே கிடந்த கிளையை எடுத்துக்கொண்டு ஓடி, மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்து அதே மாதிரி அடித்தாள். அணைந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு கன்றுகள் வாடிப் போயிருந்தன. மற்றவை தப்பிவிட்டன. நாலு மணி பஸ்ஸை விட்டால் அன்று ஊர் திரும்ப முடியாது என்று லஹான்யா நினைவுபடுத்தினான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.